இணைப்புகளைத் துறந்த அலுவலகம்

எங்கள் அலுவலகத்தில் மன அமைதி ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய நாள்வரை அமைதியே இல்லை என்று சொல்ல முடியாது. இருந்த அமைதிக்கு ஆணை எண் இல்லை, அவ்வளவுதான்.

எங்களுடையது வட்டார அனுமதி அலுவலகம். கூரை மாற்ற, கடை திறக்க, கிணறு தோண்ட, சுவர் இடிக்க, இடித்த சுவரை மறுபடி கட்ட, எதற்கும் எங்களிடம்தான் வர வேண்டும். வருகிறவர்கள் கோபமாக வருகிறார்கள், அதைவிடக் கோபமாகப் போகிறார்கள், நடுவில் இருக்கும் ஊழியர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று தலைமையகம் ஓர் ஆய்வில் கண்டுபிடித்தது. விண்ணப்பங்களைச் சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் என்ன என்றொரு யோசனையும் அந்த ஆய்வில் இருந்ததாம். அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று கைவிடப்பட்டு, புத்தரின் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது.

முதலில் சிலை வந்தது. மரப்பெட்டிக்குள் வைக்கோல் சுற்றி, முழங்கால் உயரத்தில், கண்களைப் பாதி மூடிக்கொண்டு. எங்கள் தலைமை எழுத்தர் சொத்துப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சிலையின் முன்னால் நின்றார். ஜன்னலைச் சாத்துவதற்குக் கூட ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டுத்தான் சாத்துவார் என்பதால் அவருக்குக் ‘குறிப்பு சார்’ என்று பெயர்.

“சார், இவரை அசையும் சொத்துல எழுதவா, அசையாச் சொத்துலயா?”

“தூக்கிட்டுத்தானே வந்தாங்க? அசையும் சொத்துதான்,” என்றார் எங்கள் மேலதிகாரியான அலுவலர்.

“அசையவே மாட்டேங்கறாரே சார். அவரோட பெருமையே அதுதானே?”

அலுவலர் சிலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ரெண்டுலயும் எழுதிடுங்க. தணிக்கைக்கு வர்றவங்க எப்படி வேணும்னாலும் கேப்பாங்க.”

புத்தரின் முதுகில் வெள்ளைப் பெயின்ட்டால் இரண்டு எண்கள் எழுதப்பட்டன. அவர் முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

பதிவறை அக்கா மட்டும் தினமும் காலையில் வந்ததும் முந்தானையால் சிலையின் தூசியைத் துடைத்துவிட்டு, கைகூப்பி ஒரு நிமிடம் நிற்பார். குறிப்பு சார் அதையும் கவனித்தார்.

“என்னம்மா வேண்டிக்கிட்டீங்க?”

“ஒண்ணும் வேண்டிக்கலை சார். சும்மா ஒரு கும்பிடு.”

“சும்மாவா? பதிவேட்டுல காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுதறது?”

அடுத்த வாரத்திலிருந்து அக்கா அவர் வருவதற்குள் கும்பிட்டு முடித்துவிடுவார்.

சிலையைத் தொடர்ந்து பத்துப் பக்க ஆங்கிலக் கையேடு வந்தது. யாரோ ஒரு தியான ஆசிரியர் அலுவலகங்களுக்கென்றே எழுதியது. அதை மொழிபெயர்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

நான் அங்கே மொழிபெயர்ப்பு உதவியாளர். தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். எல்லோரும் என்னை ‘மொழி’ என்று கூப்பிடுவார்கள். வேலையில் சேர்ந்த அன்று என் பட்டச் சான்றிதழின் மூலத்தை வாங்கிப் பணிக்கோப்பில் இணைத்துக்கொண்டார்கள். சரிபார்த்ததும் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனது நான் ஒருத்திதான். அம்மா ஆயத்த ஆடை ஆலையில் காஜா எடுக்கிறாள். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டைக்குப் பொத்தான் துளை. நான் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பாள்.

“அந்தத் தாளைக் குடுத்தாங்களா?”

“இன்னும் இல்லம்மா.”

“நல்லா வெச்சிருக்காங்களா? கேட்டியா? எலி கிலி இருக்கா அங்க?”

“அரசாங்கக் கோப்பும்மா.”

“அதுக்குத்தாண்டி கேக்கறேன்.”

என் சட்டைப் பொத்தான் அலுவலகத்தில் அறுந்து மானம் போய்விடக் கூடாது என்று, நூல் கோத்த ஊசி ஒன்றை என் அடையாள அட்டை உறைக்குள் குத்தி வைத்து அனுப்புவாள். அவள் எனக்குச் செய்து தந்த ஆயுள் காப்பீடு அது.

மொழிபெயர்ப்பை மாலை ஐந்து மணிக்குள் கேட்டார்கள். பத்துப் பக்கம். கையேட்டின் மூன்றாம் பக்கத்தில், துன்பங்களுக்கெல்லாம் காரணம் அட்டாச்மென்ட் என்று இருந்தது. அட்டாச்மென்ட்டை விட்டவனே விடுதலை பெற்றவன் என்றும் இருந்தது. வேலைக்கு வந்த மூன்று மாதங்களில் அந்தச் சொல்லை நான் நானூறு கடிதங்களின் அடியில் பார்த்திருந்தேன். எங்கள் அலுவலகத்தில் அதற்கு ஒரே அர்த்தம். எழுதினேன்:

‘துன்பத்துக்குக் காரணம் இணைப்புகளே. இணைப்புகளை நீக்கியவரே விடுதலை பெற்றவர்.’

ஐந்தாம் பக்கத்தில் ‘மெத்தா’ என்று ஒரு சொல் வந்தது. அகராதியில் இல்லை. மெத்தாவைத் தன் மீதும், பிறகு அருகில் இருப்பவர் மீதும், பிறகு எதிரி மீதும், கடைசியில் எல்லா உயிர்கள் மீதும் பரப்ப வேண்டும் என்றிருந்தது. தெரியாத சொல்லைத் தெரிந்ததுபோல் காட்டக் கூடாது என்று ‘மெத்தா’ என்றே எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். குறிப்பு சார் அதை எழுத்துப்பிழை என்று எடுத்துக்கொண்டு ‘மெத்தை’ என்று திருத்தினார்.

“கவனமா இரும்மா. ‘தை’க்கும் ‘தா’வுக்கும் வித்தியாசம் தெரியாம என்ன பட்டம் வாங்கின?”

பிறகு மூன்றாம் பக்கத்தைப் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் பயந்துபோனேன்.

“இருபத்தாறு வருஷம்,” என்றார். “இருபத்தாறு வருஷமா என் மனசுல இருந்தது இது. ஒரு விண்ணப்பம் வருது, சரி. அதுக்குப் பின்னாடி வாலு மாதிரி பதினாலு தாளு. இணைப்பு ஒண்ணு, இணைப்பு ரெண்டு, இணைப்பு மூணு இ. அதைச் சரிபார்த்துச் சரிபார்த்துத்தான் என் கண்ணே போச்சு. இதை அந்தக் காலத்திலயே ஒருத்தர் கண்டுபிடிச்சிருக்காரு பாரு! மகான்!”

மறுநாள் ஆணை வெளியானது. பொருள்: துன்பம், காரணம் கண்டறிதல், இணைப்புகள் நீக்கம் தொடர்பாக. பார்வை: புத்தர் அவர்களின் போதனை, நாள் இல்லை. எல்லாக் கோப்புகளிலிருந்தும் எல்லா இணைப்புகளும் ஏழு வேலை நாட்களுக்குள் நீக்கப்பட வேண்டும். நீக்கியதற்கான சான்று இணைக்கப்படக் கூடாது.

அன்று பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது ‘பற்று’ என்ற சொல் என் நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்திலேயே படித்த சொல். முந்தைய நாள் ஐந்து மணிக்குள் வராமல், மறுநாள் ஆறே காலுக்கு வந்தது.

காலையில் முதல் வேலையாகக் குறிப்பு சாரிடம் போனேன்.

“சார், ஆணையில ஒரு சொல்லுல சின்னப் பிழை இருக்கும்போல…”

“ஆணையில பிழையா? அப்ப பிழைதிருத்த ஆணை போடணும். அதுக்கு மூலத்தோட நகலை இணைக்கணும். இணைப்பு வாங்கறது இல்லை. சரிதானே? போய் வேலையைப் பாரு.”

உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அன்று மாலையே நடந்ததையெல்லாம் மூன்று பக்கத்துக்கு எழுதினேன். பிழை என்னுடையது, அகராதியுடையதல்ல என்றுகூட எழுதினேன். எழுதி, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். தகுதிகாண் பருவம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. முடிந்ததும் கொடுப்பதாக உத்தேசம்.

அதற்குள் அலுவலகம் துறவு பூண்டுவிட்டது. நாள் முழுவதும் குண்டூசி பிடுங்கும் சத்தம். வரைபடங்கள், வாடகை ஒப்பந்தங்கள், மருத்துவச் சான்றுகள், பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் பதிவறைத் தரையில் இடுப்பளவு குவிந்தன.

அதே வாரம் மெத்தைகளும் வந்தன. எதிரி மீதும் மெத்தை பரப்ப வேண்டும் என்பதால், யார் யாருக்கு யார் எதிரி என்று குறிப்பு சார் ஒரு பட்டியல் கேட்டார். பட்டியலில் எல்லோர் பெயரும் வந்துவிட்டது. தலைக்கு ஒரு மெத்தை போதும் என்று முடிவாகி, நாற்பத்திரண்டு உறைகள் தைத்து வந்தன. உள்ளே நிரப்பப் பஞ்சு கேட்டபோது, பஞ்சுக்குத் தனி அனுமதி வேண்டும், விண்ணப்பத்துடன் பஞ்சின் மாதிரியை இணைக்கவும் என்று தலைமையகத்திலிருந்து பதில் வந்தது. ஒரு பக்கம் காலி உறைகள். இன்னொரு பக்கம் இடுப்பளவு தாள்கள். இரண்டு சிக்கல்களையும் குறிப்பு சார் ஒரே குறிப்பில் தீர்த்தார்.

இப்படியாக அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு நாங்கள் நாற்பத்திரண்டு பேரும் கூட்ட அறையில், புத்தருக்கு எதிரே, பொதுமக்களின் ஆவணங்கள் மீது அமர்ந்து கண்களை மூடினோம். யாராவது கொஞ்சம் அசைந்தாலும் ‘சரக் சரக்’ என்று கேட்டது. அலுவலர் முன்வரிசையில், எல்லோரையும்விட ஒரு சாண் உயரமான மெத்தையில் இருந்தார். முடிந்ததும் படிவம் ஏழு கொடுக்கப்பட்டது. மனம் வந்த நேரம், மனம் வெளியேறிய நேரம், இடையில் எழுந்த எண்ணங்கள், அவை எழக் காரணம். எண்ணம் ஏதும் எழாதவர்கள் இன்மை அறிக்கை அளிக்க வேண்டும். எல்லோரும் அதைத்தான் அளித்தோம். நாங்கள் நாற்பத்திரண்டு பேரும் முதல் நாளே ஞானம் அடைந்துவிட்டதாகத் தலைமையகத்துக்கு அறிக்கை போனது.

அதன் பிறகு தினமும் மூன்று மணிக்கு அமர்வு நடந்தது; வேலை பறந்தது. இணைப்பு இல்லாத விண்ணப்பங்கள், இணைப்பு இல்லாததால் நிராகரிக்கப்பட்டன. இணைப்போடு வந்தவை, ஆணைக்கு முரணாக இருப்பதால் நிராகரிக்கப்பட்டன. இரண்டே வாரத்தில் நிலுவை பூஜ்யம். தலைமையகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அதில் என் மொழிபெயர்ப்பைப் ‘பொருள் செறிந்தது’ என்று குறிப்பிட்டிருந்தார்கள். கைப்பையில் இருந்த மூன்று பக்கமும் அன்று கனமாகத் தெரிந்தது.

மறுவாரம் செவ்வாயன்று குறிப்பு சார் எனக்கொரு குறிப்பாணை கொடுத்தார்.

“என்ன சார் இது?”

“உன் பணிக்கோப்பு வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குத் தலைமையகம் போகுது. அதுல பட்டச் சான்றிதழ் இல்லை. அதுக்குள்ள மூலச் சான்றிதழைக் குடுக்கலைன்னா தகுதிகாண் பருவத்தோட பணி முடிஞ்சுடும்.”

“சார், அதைக் கோப்புல இணைச்சதே நீங்கதானே? முத்திரை குத்தினீங்களே!”

“இணைச்சேன். பிறகு நீக்கினேன். ரெண்டும் என் கடமை.”

“அப்ப இப்ப நான் கொண்டு வந்து இணைச்சா?”

“இணைக்கக் கூடாது. கையில கொண்டு வந்து காட்டலாம். காட்டறதுக்குத் தடை எதுவும் போடலை,” என்றார் பெருந்தன்மையோடு.

பதிவறைக்கு ஓடினேன். அக்கா பதிவேடுகளுக்கு நடுவே டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார்.

“அக்கா, என் சர்ட்டிபிகேட்… தடிப்பான தாளு, பிளாஸ்டிக் உறை போட்டது.”

அக்கா மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். “தடிப்பாவா இருந்துச்சு?”

“ஆமாக்கா.”

“அப்ப ஐயா மெத்தையிலதான்டி இருக்கும். அவருக்கு இடுப்பு வலி. மெத்தை நல்லா விறைப்பா இருக்கணும்னு கேட்டாரு. தடிப்பான தாளெல்லாம் பொறுக்கி நான்தான் போட்டேன். பட்டம், வரைபடம், அட்டை இந்த மாதிரி.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உன்னோடதுன்னு தெரியாதுடி தங்கம். நான் என்ன படிச்சா போட்டேன்?” என்றார்.

அலுவலரிடம் போய்ப் பணிவாகக் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

“இந்த நாற்காலியில உட்கார்ந்து உட்கார்ந்து பதினோரு வருஷமா இடுப்பு வலி. அந்த மெத்தையிலதான் வலி தெரியாம உட்கார்றேன். பிரிச்சுட்டு மறுபடி தைச்சா அதே மாதிரி வருமா? நீ என் பொண்ணு மாதிரி. வேற எதை வேணும்னாலும் கேளும்மா.”

“சார், எனக்கு அந்தத் தாள் மட்டும்…”

“மெத்தையைப் பிரிக்கணும்னா விண்ணப்பம் குடு. எதுக்காகப் பிரிக்கணுங்கறதுக்கு ஆதாரம் இணைச்சு…” என்று ஆரம்பித்தவர் தானே நிறுத்திக்கொண்டார். அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, மடக்கிய குடையோடு ஒரு பிக்கு வந்தார். மழித்த தலை, துவராடை, முழங்கால்வரை சேறு. குறிப்பு சார் எழுந்தே நின்றுவிட்டார்.

“வாங்க சாமி, வாங்க! உங்க வழியைத்தான் இங்க வரிக்கு வரி கடைப்பிடிக்கிறோம்.”

“சந்தோஷம். எங்க தியான மண்டபத்துக் கூரைக்கு அனுமதி கேட்டிருந்தேனே, என்னாச்சு?”

“நிராகரிச்சாச்சு சாமி.”

“ஏனாம்?”

“வரைபடம் இல்லை.”

“இணைச்சுத்தானே குடுத்தேன். இதோ, நீங்க குடுத்த ரசீது.”

“இணைச்சீங்க. நாங்க நீக்கினோம். நீக்கிட்டுப் பார்த்தா, இல்லை.”

“சரி, இன்னொண்ணு வரைஞ்சு கொண்டு வரட்டுமா?”

குறிப்பு சார் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “தப்பா நினைக்காதீங்க சாமி. நீங்களே இணைப்பு மேல இவ்வளவு ஆசை வெச்சா, நாங்க யாரைப் பார்த்துத் திருந்தறது?”

பிக்கு குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். “நான் எல்லாத்தையும் விட்டு முப்பது வருஷம் ஆச்சுய்யா. மழைதான் விட மாட்டேங்குது.”

“மழை எங்க பிரிவு இல்லை சாமி.”

“ஞாயித்துக்கிழமையானா அறுபது பேர் உட்கார்றாங்க. நாலு இடத்துல ஒழுகுது. கீழ வாளி வெச்சிருக்கோம். மூச்சைக் கவனிங்கன்னு சொன்னா சொட்டைக் கவனிக்கிறாங்க. அதுவும் தப்பில்லை. ஆனா ஒரு நாள் ஓடு ஒண்ணு தலையில விழுந்துச்சுன்னா, அதைக் கவனிக்க ஆள் இருக்காது பாருங்க.”

குறிப்பு சார் அவரிடம் ஆணையின் நகலையும் கையேட்டின் தமிழ்ப் பிரதியையும் மரியாதையோடு கொடுத்து, என் மேசைக்கு எதிரே உட்கார வைத்துவிட்டு, அலுவலரிடம் சொல்லப் போனார். பிக்கு படித்தார். ஐந்தாம் பக்கம் வந்ததும் அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“எதிரி மேல மெத்தையைப் பரப்பணுமா! யார் தாயி இதைப் பெயர்த்தது?”

பொய் சொல்ல நாக்கு வரவில்லை. “நான்தான் சாமி. ‘மெத்தா’ன்னு சரியாத்தான் எழுதினேன். அவங்க மெத்தை ஆக்கிட்டாங்க.”

“மெத்தான்னா அன்பு. எந்த உயிரையும் விலக்காத அன்பு. சரி, இந்த இணைப்பு?”

“அது… என் தப்பு சாமி. பற்றுன்னு போட்டிருக்கணும். மறுநாளே தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா சொல்லலை?”

“எழுதி வெச்சிருக்கேன் சாமி. மூணு பக்கம். குடுக்கலை.” கைப்பையைத் தொட்டுக் காட்டினேன். பிறகு, எதற்கென்றே தெரியாமல், அம்மா, எண்ணூறு சட்டை, ஐந்து மணிக் கெடு, அலுவலரின் இடுப்பு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. உபதேசமும் செய்யவில்லை. “மெத்தையைப் பிரிக்க எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டார்.

“ஒரு பக்கத் தையல் பிரிச்சுத் திரும்பப் போட… பத்து நிமிஷம். ஊசி இருக்கு.”

“பத்து நிமிஷம்,” என்றார் அவரும், ஏதோ கணக்குப் போடுவதுபோல.

அதற்குள் அலுவலரே வெளியே வந்துவிட்டார். அசல் பிக்கு ஒருவர் கையில் கிடைத்திருக்கும்போது சும்மா அனுப்புவதா? அன்று மூன்று மணி அமர்வுக்கு அவர்தான் தலைமை என்று முடிவாகிவிட்டது. அவர் மறுக்கவில்லை.

மூன்று மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தோம். சரக் சரக். பிக்கு வெறுந்தரையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருந்தார். பிறகு எழுந்தார்.

“ஐயா, இன்னைக்கு நடை தியானம் செய்யலாமா?”

அலுவலர் ஒரு கண்ணைத் திறந்தார். “நடக்கணுமா? கையேட்டுல அது இல்லையே.”

“கையேட்டுல எல்லாத்தையும் போட்டுட்டா அப்புறம் உயர் அதிகாரிகளுக்குன்னு என்ன இருக்கு?”

அலுவலர் உடனே எழுந்தார். அவர் எழுந்ததால் எல்லோரும் எழுந்தார்கள்.

“ஒரு காலைத் தூக்கறோம், தெரியுது. வைக்கிறோம், தெரியுது. அவசரம் கூடாது,” என்றார் பிக்கு.

“அது எங்களுக்குப் பழக்கம்தான் சாமி,” என்றார் குறிப்பு சார்.

நாற்பத்தொரு பேர் வரிசையாக, பணிமூப்பு அடிப்படையில், அலுவலர் முன்னே போக, தாழ்வாரத்தில் நடக்க ஆரம்பித்தார்கள். கவுன்ட்டரில் காத்திருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஒரு கோப்பு எங்கள் அலுவலகத்தில் எப்படி நகருமோ, அதே வேகம்.

பணிமூப்பில் கடைசி ஆளான நான் பின்தங்கியதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அறையில் நானும் புத்தரும் மட்டும் இருந்தோம்.

அலுவலரின் மெத்தையைப் புரட்டி, அம்மா சொல்லித் தந்தபடி மூன்று தையலுக்கு ஒரு தையலாக நூலை நெம்பினேன். கையை உள்ளே விட்டேன். அட்டை. இன்னொரு அட்டை. பிளாஸ்டிக் வழுவழுத்தது. இழுத்தேன். என் பட்டம்! நடுவில் லேசாகக் குழி விழுந்திருந்தது, மற்றபடி பழுதில்லை. மூச்சு வந்தது.

கையை வெளியே எடுக்கும்போது இன்னொன்றும் கூடவே வந்தது. எட்டாக மடித்த தடித்த நீலத் தாள். விரித்ததுமே தெரிந்தது. ஓட்டுக் கூரை, நாலு இடத்தில் சிவப்புப் புள்ளி, கீழே ‘தியான மண்டபம்’.

மெத்தையைத் தட்டிப் பார்த்தேன். பட்டத்தை எடுத்ததற்கே ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. இதையும் எடுத்தால் அலுவலரின் இடுப்புக்கு உடனே தெரிந்துவிடும். யார் பிரித்தது என்று விசாரணை வரும். மணி மூன்றே கால். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் வரிசை திரும்பும் சத்தம் கேட்டது. ஒரு காலைத் தூக்குகிறார்கள். வைக்கிறார்கள்.

நீலத் தாளை மடித்துத் திரும்ப உள்ளே வைத்தேன். அப்போதும் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த என் மூன்று பக்கத்தை எடுத்து அந்த இடத்தில் சொருகினேன். கச்சிதமாகப் பொருந்தியது. தையலைப் போட்டு முடிச்சிட்டு, நூலைப் பல்லால் கடித்தேன்.

நடந்தவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அலுவலர் இரண்டு முறை அசைந்து பார்த்துவிட்டு, “ஆஹா,” என்றார். நான் மூச்சு விட்டேன்.

பிக்கு புறப்படும்போது என் மேசைப் பக்கம் வந்தார்.

“கிடைச்சுதா தாயி?”

“கிடைச்சுது சாமி. ரொம்ப நன்றி.”

“அதுல வேற ஏதாவது இருந்துச்சா?”

அவர் சும்மாதான் கேட்டார். முகத்தில் சந்தேகம்கூட இல்லை.

“இல்ல சாமி,” என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினார்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சான்றிதழைக் கையில் பிடித்துக் காட்டினேன். குறிப்பு சார் பார்த்ததாக ஒரு குறிப்பு எழுதினார். அடுத்த வாரம் என் பணி நிரந்தரமானது. அம்மா சான்றிதழைக் கையில் வாங்கி, நடுவில் இருந்த குழியைத் தடவிப் பார்த்தாள்.

“எதுக்கு அடியிலயோ வெச்சிருந்திருக்காங்க.”

“பத்திரமா இருக்கட்டும்னும்மா.”

“நான் வெக்கிறேன் பாரு பத்திரமா,” என்று சொல்லித் தன் மெத்தையைத் தூக்கி, அதற்கடியில் வைத்துவிட்டாள்.

நிரந்தர ஊழியராக நான் தட்டச்சு செய்த முதல் கடிதம், தியான மண்டபத்துக் கூரை தொடர்பான இரண்டாவது நிராகரிப்பு. காரணம்: வரைபடம் இணைக்கப்படவில்லை. எழுத்துப்பிழை எதுவும் இல்லாமல் செய்தேன்.

எங்கள் ஆணையை இப்போது எல்லா அலுவலகங்களும் பின்பற்றுகின்றன. நீங்கள் கடைசியாக எங்கேயோ கொடுத்த விண்ணப்பத்தின் இணைப்புகள் என்னவாயின என்று கவலைப்பட வேண்டாம். யாரோ ஒருவர் அவற்றின் மீது அமைதியாக அமர்ந்திருக்கிறார்.

இந்தச் செவ்வாய்க்கிழமையும் மூன்று மணிக்கு உட்கார்ந்தோம். வெளியே நல்ல மழை. ஜன்னல் தகரத்தில் எங்கிருந்தோ நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. முன்வரிசையில் அலுவலர் கண்ணை மூடி நிமிர்ந்திருந்தார். அவருக்கு அப்பால் புத்தர். சொட்டுகளை எண்ணக் கூடாது என்று நினைத்தேன். அறுபதுவரை எண்ணிவிட்டேன்.

முடிந்ததும் படிவம் ஏழு வந்தது. ‘எழுந்த எண்ணங்கள்’ என்ற கட்டத்தின் மேல் பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன். பின்னாலிருந்து குறிப்பு சார், “என்னம்மா, இவ்வளவு நேரம்? எல்லாரும் குடுத்தாச்சு,” என்றார்.

‘இன்மை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.